மொகத்தக் காட்டுங்க

எங்கள் தெருவுக்கு கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் ஒருநாளும் காலிங்பெல்லை அழுத்தியதில்லை. பத்து வீட்டிலும் பெல் இருந்தது. அதில் நாலு, வந்தவர் முகத்தைப் படம்பிடித்து உள்ளே காட்டுகிற பெல். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். குட்டியானை வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, சிலிண்டரைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்து கேட்டுக்கு வெளியே இறக்குவார். இடுப்பில் செருகியிருக்கும் ஸ்பேனரை எடுத்து அதன் கழுத்தில் நாலு தட்டுத் தட்டுவார். பிறகு ஒரு சத்தம்.

"யாராச்சும் மொகத்தக் காட்டுங்க."

ஆள் வெளியே வரும்வரை நகரமாட்டார். ஜன்னலிலிருந்து குரல் கொடுத்தால் போதாது. மாடியிலிருந்து கையைக் காட்டினால் போதாது. வாசலுக்கு வந்து, அவர் எதிரே நின்று, ரெண்டு வார்த்தை பேச வேண்டும். பேசுகிறவர் தூங்கி எழுந்த முகத்தோடு இருந்தால் "காச்சலா?" என்று கேட்பார். கண் சிவந்திருந்தால் அதையும் கேட்பார்.

அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவர் முகம் ஒருமுறை தேனி முழுக்கச் சுற்றிவந்தது. அது போதும்.

பழனிசெட்டிபட்டியில் மெயின்ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, தென்னந்தோப்பைப் பிளாட் போட்டு விற்றதில் உண்டான தெரு எங்களுடையது. பத்து வீடு, பத்து காம்பவுண்டுச் சுவர். போடியிலிருந்தும் ஆண்டிபட்டியிலிருந்தும் உத்தமபாளையத்திலிருந்தும் வந்து வாங்கியவர்கள். எல்லோரும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் இருந்தோம். காலை வணக்கம், தண்ணீர் வருகிற நேரம், பிறந்தநாளுக்குக் கேக் படம் எல்லாம் அதில் வரும். நேரில் பார்த்தால் தலையை அசைப்போம். ஹெல்மெட் போட்டிருந்தால் அதுவும் கிடையாது.

நான் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். மனைவி பிரசவத்துக்காகப் போடியில் தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்த மாதங்கள் அவை. முதன்முதலில் அவரோடு சண்டை வந்தது அப்போதுதான்.

"ஓடிபி சொல்லிட்டேன்லண்ணே, வெளியவே வச்சுட்டுப் போங்க. மீட்டிங்ல இருக்கேன்" என்றேன் ஜன்னலிலிருந்து.

"வச்சுட்டுப் போக இது தபாலா தம்பி? லீக் பாக்கணும். கதவத் தெறங்க."

உள்ளே வந்து, மூடியைக் கழற்றி, சோப்புத் தண்ணீர் விட்டு, குமிழி வருகிறதா என்று குனிந்து பார்த்தார். பிறகு சமையலறையைப் பார்த்தார். தொட்டியில் ஒரு தட்டும் ஒரு டம்ளரும் கிடந்தன.

"ஆத்தாளக் காணோம்?"

"பிரசவத்துக்குப் போயிருக்கா."

"எத்தன மாசம்?"

"ஏழு முடிஞ்சிருச்சு."

"நல்லது. பக்கத்து வீட்டுப் பெரியவருக்குத் தெரியுமா?"

"எந்தப் பெரியவரு?"

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "சுவத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தரு ஒத்தையில இருக்காரே, அவரு. நீங்க சாயங்காலம் டீ குடிக்கப் பைக்க எடுக்குற சத்தத்த வச்சுத்தான் அவரு மணி நாலுங்கறாரு. உங்களுக்கு அவரு இருக்கதே தெரியல. எப்படிங்க தூங்குறீக?"

கேஸ் மாட்ட வந்தவருக்கு இதெல்லாம் எதற்கு என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அவர் போனதும் ஆப்பைத் திறந்து ரெண்டு ஸ்டார் போட்டேன். இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

கோபக்காரர். ஐம்பது வயதிருக்கும். காக்கிச் சட்டையில் மேல் பொத்தான் இருக்காது. அவர் தெருவுக்குள் வந்தால் யாரையாவது திட்டுகிற சத்தம் கேட்கும். நான்காவது வீட்டில் ஓர் இளம்பெண் கைக்குழந்தையோடு இருந்தாள். கணவனுக்கு ஓசூரில் வேலை. ஒருநாள் குழந்தை விடாமல் அழுகிறது, அவளும் அதோடு சேர்ந்து அழுதுகொண்டிருக்கிறாள். இவர் சிலிண்டரை இறக்கிவிட்டுப் பக்கத்து வீட்டுச் சுவரை எட்டிப் பார்த்து, அங்கே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் கத்தினார்.

"ஏந்தாயி, இங்கன ஒரு பச்சப்பிள்ள தொண்டகிழியக் கத்துது. ஒனக்குக் கேக்கலையா?"

"கேக்குது. அடுத்த வீட்டு வெவகாரத்துல நம்ம எப்படிப் போறது?"

"பிள்ள அழுகுறது வெவகாரமா? வா இங்கிட்டு."

அந்த அம்மா வந்தார். குழந்தையைக் குப்புறப் போட்டு முதுகைத் தடவினார். ஏப்பம் விட்டதும் அழுகை நின்றது. அன்று மாலை குரூப்பில் முதல் புகார் வந்தது. கேஸ்காரர் மரியாதைக் குறைவாகப் பேசுகிறார், ஏஜென்சிக்குச் சொல்லி வேறு ஆளை அனுப்பச் சொல்ல வேண்டும். எழுதியது அந்த அம்மாவேதான். ஆனால் மறுநாளிலிருந்து பத்துமணிக்கு அந்த அம்மா நான்காவது வீட்டுக்குள் போவதையும் நான் பார்த்தேன்.

அவரை நல்லவர் என்று நிறுவுவதற்காக இதை எழுதவில்லை. எல்லை தெரியாத மனிதர். ஏழாவது வீட்டுப் பெண் தனக்குப் பிடித்தவனோடு போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. அது தெரியாமல் அவள் அம்மாவிடம், "எங்க பிள்ளையக் கண்ணுலயே காணோம்?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டார். அந்த அம்மா கதவைச் சாத்திக்கொண்டார். அடுத்தமுறை வந்தபோது அதே வாசலில் நின்று, "தப்புத்தான் ஆத்தா. நான் கேட்டிருக்கக் கூடாது" என்றார். அதையும் தெருவுக்கே கேட்கிற மாதிரிதான் சொன்னார்.

என்னையும் அவர் விடவில்லை. கொஞ்ச நாள் கழித்துத் தெருவுக்கு வந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்துப் பக்கத்து வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். பெரியவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். மேகமலையில் தேயிலை எஸ்டேட் ஆபீசில் முப்பது வருடம் கிளார்க்காக இருந்தவர். மனைவி இறந்துவிட்டார். ஒரே மகன் வெளிநாட்டில். ஹாலின் மூலையில் மகன் மாட்டிவிட்டுப் போன கேமரா சிவப்பாக மினுங்கியது.

"இவருதான் சார் உங்க நாலு மணி" என்றார் கேஸ்காரர்.

பெரியவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மேலே எஸ்டேட்டில் வரிசையாக ஒட்டிக்கட்டிய லயத்து வீடுகளில் ஒருவன் இருமினால் அடுத்த வீட்டுக்காரன் என்ன என்று கேட்பான் என்றார். காபி போடட்டுமா என்றார். அப்புறம் வருகிறேன் சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்புறம் போகவே இல்லை. நடுவில் ஒரு சுவர்தான்.

ஆடி மாதம். மேற்கிலிருந்து காற்று தூக்கிக்கொண்டு போகிற மாதிரி அடிக்கும் நாட்கள். வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டு வாசலில் ஸ்பேனர் சத்தம் கேட்டது. நாலு தட்டு. மொகத்தக் காட்டுங்க. மறுபடி நாலு தட்டு. பிறகு அவர் என் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார்.

"தம்பி, பெரியவரப் பாத்தீகளா?"

"இல்லண்ணே. ஊருக்குப் போயிருப்பாரு."

"எந்த ஊருக்கு? அவருக்கு எந்த ஊரு இருக்கு? காலி சிலிண்டர முந்தின நாளே உருட்டிக் கொண்டாந்து வாசல்ல வச்சிருப்பாரு. இன்னைக்கு இல்ல. செருப்பு அங்கனயே கெடக்கு."

"அவரு மகன் கேமராவுல பாத்துக்கிட்டுத்தான் இருப்பாரு. ஏதாச்சும்னா சொல்லியிருப்பாருல்ல."

அவர் அண்ணாந்து என்னைப் பார்த்தார். "கேமரா வந்து கதவத் தெறக்குமா?" என்றார். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். நான் மீட்டிங்குக்குத் திரும்பினேன்.

போனில் குரூப் சத்தம் வந்தது. எதிர்வீட்டு இரும்புக்கடைக்காரர்தான் குரூப் அட்மின். தேனியில் தன் கடையில் உட்கார்ந்தபடியே வீட்டு வாசல் கேமராவைப் பார்த்துக்கொண்டிருப்பவர். அவர் ஒரு வீடியோத் துண்டு போட்டிருந்தார். காக்கிச்சட்டை போட்ட ஒருவர் காம்பவுண்டுச் சுவரில் கையூன்றி ஏறி உள்ளே குதிக்கிறார். திரும்பும்போது முகம் தெளிவாகத் தெரிகிறது. கீழே, 'கேஸ் போட வருகிற ஆள் ஆளில்லாத வீட்டில் சுவர் ஏறிக் குதிக்கிறான். எல்லோரும் உஷாராக இருக்கவும். மற்ற குரூப்களுக்கும் பகிரவும்.'

என் ஜன்னலிலிருந்து இருபதடி தூரத்தில் நடக்கிற காரியத்தை நான் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையை வெளியே நீட்டியிருந்தால் நேராகவே பார்த்திருக்கலாம். அந்த நிமிடம் அது எனக்கு விசித்திரமாகக்கூடப் படவில்லை.

மரம் உடைகிற சத்தம் கேட்டது. பின்பக்கத்துக் கதவு. பிறகு அவர் குரல், தெருவே அதிர.

"தம்பி, வெளிய வாங்க. தண்ணி கொண்டாங்க."

பெரியவர் குளியலறைத் தரையில் கிடந்தார். ஒரு கால் திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. உதடு வெடித்து வெள்ளையாக இருந்தது. உயிர் இருந்தது. கண் எங்களைத் தேடியது. கேஸ்காரர் தன் சட்டையைக் கழற்றி அவர் மேல் போர்த்தி, பஞ்சால் நனைப்பதுபோல விரலால் உதட்டை நனைத்தார். பிறகு பனியனோடு வாசலுக்கு ஓடிவந்து கத்தினார். "வீட்டுக்குள்ள மனுஷங்க இருக்கீகளா இல்லையா? ஒரு போர்வ குடுங்க." நான்காவது வீட்டுப் பெண் குழந்தையோடு ஓடிவந்து கொடுத்தாள். மற்ற வீடுகளில் ஜன்னல் திரை மட்டும் அசைந்தது.

108 வந்தது. பெரியவரோடு கேஸ்காரரும் ஏறி உட்கார்ந்தார்.

"நீங்களும் ஏறுங்க தம்பி. பக்கத்து வீடு நீங்கதான."

"எனக்கு மீட்டிங் இருக்குண்ணே. முடிச்சிட்டு வந்துர்றேன்."

எல்லாவற்றுக்கும் கோபப்படுகிறவர் அதற்குக் கோபப்படவில்லை. கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார்.

ஆம்புலன்ஸ் தெருவைத் தாண்டும் முன் குரூப்பில் அடுத்த செய்தி வந்தது. கேஸ் வண்டியை ஆளில்லாமல் குடியிருப்புப் பகுதியில் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார், ஏதாவது வெடித்தால் யார் பொறுப்பு. நான் எழுதினேன்: பெரியவர் விழுந்து கிடந்தார், கேஸ்காரர்தான் காப்பாற்றினார். நாலு பேர் கும்பிடு போட்டார்கள். ஒருவர் 'கிரேட்' என்றார். அவ்வளவுதான். வீடியோ எங்கள் குரூப்பைவிட்டு எப்போதோ போயிருந்தது. அது அல்லிநகரத்துக்குப் போனது, போடிக்குப் போனது, என் மனைவியின் சித்தப்பா அதை எனக்கே அனுப்பி 'உங்க ஏரியாதான, ஜாக்கிரதை மாப்பிள்ளை' என்றார். அதன் பின்னாலேயே போக வேண்டிய என் ரெண்டு வரி எங்கள் பத்து வீட்டைத் தாண்டவில்லை. அதைத் தாண்டவைக்க நானும் விரலை அசைக்கவில்லை.

அன்று மாலை ஊரின் அந்தப் பக்கத்தில் ஒரு தெருவில் மிச்ச சிலிண்டர்களை இறக்கிக்கொண்டிருந்தவரை ஆறேழு பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் அறைந்தான். ஒருவன் அதையும் வீடியோ எடுத்தான். போலீஸ் ஸ்டேஷனில் ரெண்டு மணிநேரம் உட்கார வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு விசாரித்த பிறகு போகச் சொன்னார்கள்.

சனிக்கிழமை நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். விழுந்து கிடந்தவரைப் போய்ப் பார்க்க எனக்கு ரெண்டு நாள் ஆனது. கட்டில் பக்கத்தில் கேஸ்காரர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து இட்லியைப் பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தார். அவர் கீழுதடு கிழிந்து கறுத்திருந்தது.

பெரியவர் மெல்லச் சொன்னார். "செவ்வாக்கெழம மத்தியானம் விழுந்தேன் தம்பி. எந்திரிக்க முடியல. சொம்பு கைக்கு எட்டுச்சு. அதை வச்சுக் கொழாயத் தட்டுனேன். கை ஓயற வரைக்கும் தட்டுனேன். மறுநாளும் தட்டுனேன். யாருக்கும் கேக்கல."

தெருவை உண்டு இல்லை என்று ஆக்கப்போகிறார் என்று நான் கேஸ்காரரைப் பார்த்தேன். அவர் சட்னியைத் தொட்டுக்கொண்டே, "ஆடிக்காத்து சார். பேயாட்டம் அடிச்சதுல்ல. கேட்டிருக்காது" என்றார். படுத்திருக்கிறவர் மனசு நோகக்கூடாது என்று அப்படிச் சொன்னார். வாழ்க்கையில் அவர் யாருக்காகவும் சாக்குச் சொல்லி நான் கேட்டது அந்த ஒருதடவைதான்.

கேட்டது. எனக்குக் கேட்டது. செவ்வாய்க்கிழமை மதியம் ரெண்டரை மணி. மூன்று தட்டு, கொஞ்சம் நிறுத்தம், மறுபடி மூன்று தட்டு. காற்றுக்கு அப்படித் தட்டத் தெரியாது. பக்கத்து வீட்டில் பிளம்பர் வேலை நடக்கிறது போல என்று நினைத்தேன். மீட்டிங்கில் நான் பேச வேண்டிய முறை வந்துகொண்டிருந்தது. எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். சத்தம் நின்றுவிட்டது, எனக்கு.

ஆஸ்பத்திரியில் நான் இதைச் சொல்லவில்லை. ரெண்டு ஆப்பிளை மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

வெளிநாட்டிலிருந்து மகன் வந்து சேர்ந்தார். டாக்டருக்கு நன்றி சொன்னார், குரூப்பில் எல்லோருக்கும் நன்றி சொன்னார். பூட்டுக்காரனோடு பின்கதவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என்னைக் கூப்பிட்டு, "உடைக்காமத் தெறந்திருக்க முடியாதா? தேக்கு" என்றார். என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. சொல்லவேண்டியதைச் சொல்லவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது. பத்து நாளில் அப்பாவைச் சின்னமனூர்ப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டு, வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அவர் விமானம் ஏறினார்.

இதற்கிடையில் ஏஜென்சி கேஸ்காரரை வண்டியிலிருந்து இறக்கிவிட்டது என்று தெரிந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. தெருக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் கொடுத்தால் போதும் என்று நினைத்தேன். எழுத உட்கார்ந்தேன். 'எங்கள் தெருவுக்கு சிலிண்டர் வழங்கிவந்த திரு' என்று எழுதியதும் பேனா நின்றது. எனக்கு அவர் பெயர் தெரியாது. ரெண்டு வருடமாக வந்துபோனவர். எங்கள் பத்து வீட்டு ஆட்களின் பெயரும், யாருக்குச் சர்க்கரை, யாருக்குப் பிரசவம் என்பதும் அவருக்குத் தெரியும். ஏஜென்சிக்குப் போன் போட்டுத்தான் பெயரைக் கேட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை முதன்முறையாகத் தெருவில் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டினேன். ஒரு வீட்டில் சங்கிலியைக் கழற்றாமல் ஒரு கண் மட்டும் பேசியது. ஒரு வீட்டில் ஆளே வரவில்லை. காலிங்பெல்லில் நீல விளக்கு எரிந்து, "சொல்லுங்க" என்றது ஒரு குரல். அந்தப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு ஒரு மனிதனுடைய பிழைப்பைப் பற்றி நான் விளக்கினேன். "குரூப்ல போடுங்க, பாத்துட்டுச் சொல்றேன்" என்று விளக்கு அணைந்தது. வெளியே வாய்யா என்று கத்தலாமா என்று இருந்தது.

இரும்புக்கடைக்காரர் மட்டும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். "கையெழுத்தெல்லாம் எதுக்குத் தம்பி? நாளைக்கு ஸ்டேஷன், விசாரணைன்னு அலையணும். குரூப்ல போடுங்க, எல்லாரும் ஓகே சொல்லிருவாக."

"அந்த வீடியோவ நீங்கதான போட்டீங்க?"

"பாதுகாப்புக்குத்தான போட்டேன்."

"அத அழிச்சிருங்க."

"அன்னைக்கே அழிச்சிட்டேனே. ஊர்ல இருக்கதெல்லாம் நான் எப்படி அழிக்க?" அவர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே வருத்தப்பட்டார். காபி கொண்டுவரச் சொன்னார். கையெழுத்து மட்டும் போடவில்லை.

மூன்று கையெழுத்துக் கிடைத்தது. என்னுடையது, நான்காவது வீட்டுப் பெண்ணுடையது, ஏழாவது வீட்டு அம்மாவுடையது. யாரைக் காயப்படுத்தினாரோ அந்த அம்மா. "வேற யாரு எம்பிள்ளையப் பத்திக் கேட்டா? அந்தாளு ஒருத்தருதான் கேட்டாரு" என்று சொல்லிக்கொண்டே போட்டார்.

ஏஜென்சி மேனேஜர் கடிதத்தைப் படித்தார். கேஸ்காரரையும் வரச்சொல்லியிருந்தார். "ஆளு தங்கமான ஆளு சார். ஆனா ஆன்லைன்ல மூணு கம்ப்ளைன்ட் ஏறிருச்சு. ரேட்டிங்கும் கம்மி. இனிமே தெருவுக்கு அனுப்ப முடியாது. குடோன்ல லோடு எறக்கட்டும், சம்பளம் அதேதான்."

ரேட்டிங் என்றதும் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"குடோன்ல யாருகிட்டப் பேசுறது?" என்றார் அவர். "சிலிண்டருகிட்டயா?" கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். பின்னாலேயே ஓடினேன். நான் வாயைத் திறக்குமுன், "நீங்க வந்ததே போதும் தம்பி. ஆத்தாளுக்கு மாசம் நெருங்கிருச்சுல்ல, அங்கன போயி இருங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.

புதிதாக வந்த ஆள் யாரையும் கூப்பிடுவதில்லை. கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு, படமெடுத்து அனுப்பிவிட்டுப் போய்விடுகிறார். குரூப்பில் எல்லோருக்கும் திருப்தி. அஞ்சு ஸ்டார்.

எனக்குப் பெண்குழந்தை பிறந்தது. எட்டு மாதம் கழித்து, கம்பத்தில் ஒரு நண்பனின் புதுவீட்டுக்குப் பால் காய்ச்சும் சடங்கு முடிந்து காலை ஆறு மணிக்கு பஸ்ஸுக்கு வந்தேன். கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிப்போகிற ஜீப்புகள் வரிசையாக நின்றன. அதில் ஒன்றிலிருந்து அந்தக் குரல் கேட்டது.

"பதினாலுல ஒரு மொகம் கொறையுதே. யாரு வரல?"

"மேலத்தெருக்காரி வரல அண்ணே" என்றாள் உள்ளே நெருக்கி உட்கார்ந்திருந்த ஒருத்தி.

"ஏன் வரல?"

"தெரியல. ஒடம்புக்கு முடியலையோ என்னமோ."

"தெரியாம எப்படி வண்டிய எடுக்குறது? போனப் போடு." போன் அடிக்கும்போதே அவர் கைபேசியும் அடித்தது. "செரி சேட்டா, பத்து நிமிஷம், எத்திருவோம்" என்று அரைகுறை மலையாளத்தில் தோட்டத்து மேஸ்திரிக்குச் சமாதானம் சொன்னார். அந்தப் பெண்ணின் குழந்தைக்குக் காய்ச்சல் என்று தெரிந்தபிறகுதான் டிரைவர் சீட்டில் ஏறினார். அப்போது என்னைப் பார்த்தார்.

"தம்பி. என்ன பிள்ள?"

"பொண்ணுண்ணே."

"நல்லது, நல்லது."

பஸ் வர நேரமிருந்தது. ஜீப் கிளம்பவேண்டியிருந்தது. அதனால்தானோ என்னமோ, சொல்லிவிட்டேன். "அண்ணே, அன்னைக்குப் பெரியவரு தட்டுனது எனக்குக் கேட்டுச்சு. செவ்வாக்கெழமையே கேட்டுச்சு. ஜன்னலச் சாத்திட்டேன்."

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்பறம் எங்கிட்ட ஏன் சொல்றீக? நானா கீழ கெடந்தேன்?" ஜீப்பை ஸ்டார்ட் செய்தார். சத்தத்துக்கு மேல் சொன்னார்: "சின்னமனூர்ல எறங்குங்க. போன ஞாயித்துக்கெழம போயிருந்தேன். இப்பக் காது மந்தமாயிருச்சு. பக்கத்துல போயிச் சத்தமாச் சொல்லணும்."

மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. மன்னிக்கவேண்டியது அவர் இல்லை என்பதைத்தான் அவர் சொன்னார்.

சின்னமனூரில் இறங்கினேன். ஒரு நீள ஹாலில் பன்னிரண்டு கட்டில்கள். ஜன்னலோரக் கட்டிலில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் கண்டு கையை நீட்டினார். குழந்தையைக் கேட்டார். சொல்ல வந்ததைக் குனிந்து சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். கேட்கவில்லை. கடைசியில் ஹால் முழுக்கக் கேட்கும்படி, மற்ற பதினோரு பேரும் திரும்பிப் பார்க்கும்படி, "நீங்க தட்டுனது எனக்குக் கேட்டுச்சு சார், நான் வரல" என்று கத்த வேண்டியிருந்தது.

அவர் என் கையை விடவில்லை. கொஞ்சநேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுவத்துக்கு அந்தப் பக்கம் பேச்சுச் சத்தம் எனக்கும் கேட்டுச்சு தம்பி. டிவி ஓடுதுன்னு நெனச்சேன். மனுஷன்னு தெரிஞ்சிருந்தா இன்னும் பலமாத் தட்டியிருப்பேன்."